கிளட்ச் வேலைக்குப் பிறகு வந்த உதறல்: டயரை இப்போது தொடவேண்டாம்

கேள்வி: என் பெட்ரோல் காருக்கு வயது 16. நான்கு சிலிண்டர், முன்சக்கர இயக்கம், 5 கியர் மேனுவல். சமீபத்தில் கிளட்ச் செட் மாற்றினோம். கியர்பாக்ஸ் இறங்கியிருந்ததால், நைந்துபோயிருந்த இன்ஜின் மவுண்ட், கியர்பாக்ஸ் மவுண்ட் (அவற்றைப் பாடியில் தாங்கும் ரப்பர் பிடிகள்) இரண்டையும் மாற்றினார்கள். இடது ஆக்ஸிலின் உள்பக்க பூட் (ரப்பர் உறை) கிழிந்திருந்தது, அதையும் சஸ்பென்ஷனின் லோயர் ஆர்ம் புஷ்களையும் சேர்த்து மாற்றினார்கள். வண்டியை எடுத்த அன்றிலிருந்தே அதிர்வு. சிக்னலில் நிற்கும்போது ஸ்டீயரிங்கும் டாஷ்போர்டும் நடுங்குகின்றன, ஏசி போட்டால் இன்னும் அதிகம். ஓட்டும்போது 45-லிருந்து 75 கிமீ வரை, குறிப்பாக மேட்டில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால், இடவலமாக உதறுகிறது. காலை எடுத்த நொடியில் நின்றுவிடுகிறது. நின்றபடி 3000 ஆர்பிஎம் வரை ரேஸ் செய்தால் ஒன்றும் இல்லை. வீல் பேலன்சிங் இரண்டு தடவை, அலைன்மென்ட் ஒரு தடவை செய்தாயிற்று. வேலை செய்த இடத்தில் “பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும்” என்கிறார்கள். இன்னொரு இடத்தில் நான்கு டயரையும் மாற்றுங்கள், போகாவிட்டால் ஃப்ளைவீலைப் பார்க்கலாம் என்கிறார்கள். டயர் வாங்கிவிடலாமா?

பதில்: வாங்க வேண்டாம். ஃப்ளைவீலுக்காக கியர்பாக்ஸை மறுபடி இறக்கவும் வேண்டாம். இப்போதைக்கு எந்தப் பாகத்துக்கும் காசு செலவழிக்காதீர்கள். உங்கள் வண்டியில் இருப்பது ஒரு அதிர்வு அல்ல, இரண்டு. நிற்கும்போது வரும் நடுக்கம் ஒன்று, இழுக்கும்போது வரும் உதறல் இன்னொன்று. இரண்டையும் ஒரே புகாராகச் சொன்னதால்தான் ஆளுக்கொரு பாகத்தைக் காட்டுகிறார்கள். “பழைய வண்டி” என்ற பதிலையும் ஏற்க வேண்டியதில்லை. வேலைக்கு விட்ட அன்று இல்லாதது, எடுத்த அன்று இருக்கிறது என்றால் அது வயதால் வந்ததல்ல. அந்த வேலையில் எதையெல்லாம் கழற்றினார்களோ அங்கிருந்துதான் தேட வேண்டும்.

உங்கள் கடிதத்திலேயே பாதி விடை இருக்கிறது. நின்றபடி 3000 வரை ரேஸ் செய்தால் ஒன்றுமில்லை என்கிறீர்கள். இன்ஜினோடு சுற்றும் ஃப்ளைவீலிலோ, அதில் பூட்டிய பிரஷர் பிளேட்டிலோ எடை சமமில்லாமல் இருந்தால் அதற்குச் சாலை தேவையில்லை. நிறுத்திய இடத்திலேயே ஆர்பிஎம் ஏற ஏற உதறலும் ஏறும். உறுதிசெய்துகொள்ள, நியூட்ரலில் 1500, 2500, 3500 என்று சில நொடிகள் நிறுத்திப் பாருங்கள். அதே ஆர்பிஎம்களில் கிளட்சை முழுக்க மிதித்தும் பாருங்கள். மிதிக்காமலும் மிதித்தும் மாற்றம் இல்லை, அதிர்வும் இல்லை என்றால் ஃப்ளைவீல், பிரஷர் பிளேட், கிளட்ச் பிளேட் மூன்றையும் மறந்துவிடலாம். முதல் கியரில் கிளட்சை விடும்போது மட்டும் உதறினால் அது வேறு கதை: பிளேட்டில் எண்ணெய் பட்டிருக்கும், அல்லது ஃப்ளைவீல் முகம் சூட்டில் கறுத்து மேடு பள்ளமாகியிருக்கும். நீங்கள் அதைச் சொல்லவில்லை.

டயருக்கும் அதேபோல ஒரு வரி இருக்கிறது: காலை எடுத்த நொடியில் நின்றுவிடுகிறது. பேலன்ஸ் இல்லாத வீலுக்கு உங்கள் கால் எங்கே இருக்கிறது என்று தெரியாது. அது வேகத்தை மட்டும்தான் பார்க்கும். பெரும்பாலும் 80-க்கு மேல் ஸ்டீயரிங்கில் ஆரம்பிக்கும், காலை எடுத்தாலும் அந்த வேகம் இருக்கும்வரை தொடரும். உள்ளே பெல்ட் பிரிந்து வீங்கிய டயர் குறைந்த வேகத்திலேயே தெரியும், ஆனால் அதுவும் காலுக்குக் கட்டுப்படாது. அதனால்தான் இரண்டு பேலன்சிங்கும் பலன் தரவில்லை. வீல் பக்கம் ஒன்றே ஒன்றை மட்டும் சரிபாருங்கள். முன்வீல்களைக் கழற்றி, ஹப்புக்கும் டிஸ்க்குக்கும் நடுவிலும், டிஸ்க்குக்கும் ரிம்முக்கும் நடுவிலும் துரு, மண் இல்லாமல் துடைத்து, நட்டுகளைக் குறுக்குக்குறுக்காக டார்க் ரெஞ்சில் முடுக்கச் சொல்லுங்கள். இந்த அளவு கார்களில் 12 மிமீ நட்டுக்குச் சுமார் 100 நியூட்டன் மீட்டர். ஏர் கன்னில் மட்டும் முடுக்கிவிட்டுப் போகவிடாதீர்கள்.

இனி ஓட்டத்தில் ஒரு சோதனை. காலியான, நேரான சாலையில், கூட ஒருவரை உட்காரவைத்துக்கொண்டு செய்யுங்கள். உதறல் நன்றாகத் தெரியும் வேகம் 60 என்று வைத்துக்கொள்வோம். மூன்றாம் கியரில் 60-ல் அழுத்திப் பாருங்கள், பிறகு நான்காம் கியரில் அதே 60-ல். கியர் மாறியும் அதே வேகத்தில் வந்தால் கோளாறு கியர்பாக்ஸுக்கு வெளியே, ஆக்ஸில் பக்கம். வேகம் மாறி, ஆர்பிஎம்மைப் பின்தொடர்ந்தால் இன்ஜின் பக்கம். அடுத்து, 60-ல் கிளட்சை மிதித்து இரண்டு மூன்று நொடி உருளவிடுங்கள். அப்போதும் உதறினால் வீல் பக்கம், நின்றுவிட்டால் வீல் இல்லை. சாவியை மட்டும் அணைத்துவிடாதீர்கள். பவர் ஸ்டீயரிங்கும் பிரேக் பூஸ்டரும் போய்விடும், ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளவும் கூடும்.

கைபேசியில் அதிர்வை அளக்கும் செயலி இருந்தால் ஊகத்துக்கே வேலை இல்லை. 175/65 ஆர் 14 டயரின் சுற்றளவு சுமார் 1.83 மீட்டர். 60 கிமீ என்பது நொடிக்கு 16.7 மீட்டர். ஆக வீல் நொடிக்கு 9 சுற்றுக்குக் கொஞ்சம் கூடுதலாகச் சுற்றுகிறது. உங்கள் டயர் அளவு வேறென்றால் அதன் சுற்றளவைப் போட்டுக்கொள்ளுங்கள். கைபேசியை சீட் ரெயிலில் அழுத்தி ஒட்டிவைத்து, கூட வருபவர் படிக்கட்டும். 9 ஹெர்ட்ஸில் (நொடிக்கு 9 தடவை) உச்சம் தெரிந்தால் டயர், ரிம், ஹப். 27-ல், அதாவது சரியாக மூன்று மடங்கில் தெரிந்தால் ஆக்ஸிலின் இன்னர் ஜாயின்ட், அதாவது கியர்பாக்ஸ் பக்கத்து மூட்டு (ஏன் மூன்று என்பது பின்னால்). இன்ஜினுக்கு ஆர்பிஎம்மை 60-ஆல் வகுக்க வேண்டும். ஐடிலிங்கில், அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் நிற்கும்போது, 780 என்றால் கிராங்க் நொடிக்கு 13 சுற்று, நான்கு சிலிண்டரின் எரிப்புத் துடிப்பு அதன் இரண்டு மடங்கு, 26.

26-ம் 27-ம் இவ்வளவு பக்கத்தில் இருப்பதைக் கவனியுங்கள். ஐடிலிங்கில் இன்ஜின் தரும் துடிப்பும், 60-ல் இன்னர் ஜாயின்ட் தரும் தள்ளலும் கிட்டத்தட்ட ஒரே எண்ணிக்கை. இரண்டையும் பாடிக்குப் போகாமல் தடுக்க வேண்டியது மவுண்ட் ரப்பர்தான். அது முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் இரண்டுமே உள்ளே வரும். அதனால் காரணங்கள் இரண்டானாலும் வேலையை மவுண்டில் ஆரம்பியுங்கள். அதற்குப் பாகமும் தேவையில்லை.

மவுண்ட் மாற்றும்போது பரவலாக நடக்கும் தவறு இதுதான். கியர்பாக்ஸை ஜாக்கில் தூக்கி, ஓட்டைக்கு ஓட்டை சேராதபோது கம்பி விட்டு நெம்பி, போல்ட் ஏறியதும் அப்படியே முடுக்கிவிடுவார்கள். ஜாக்கை எடுத்ததும் இன்ஜின் தன் இடத்துக்குப் போகப் பார்க்கும், முடியாது. ரப்பர் ஒரு பக்கம் நசுங்கி ஸ்டாப்பரில் முட்டிக்கொள்ளும். அந்த இடத்தில் அது ரப்பராக வேலை செய்யாது. டார்ச் அடித்து மேலிருந்தே பார்க்கலாம்: மவுண்டின் நடுத்தண்டுக்கு இரண்டு பக்கமும் இடைவெளி ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் ஒட்டி, மறுபக்கம் விரல் போகிறது என்றால் கோளாறு அங்கேதான்.

எந்த மவுண்ட் என்று கண்டுபிடிக்க ஒரு பட்டறை வழி உண்டு. ஹேண்ட் பிரேக் போட்டு, பின்வீல்களுக்குக் கட்டை வைத்து, நியூட்ரலில் இன்ஜின் ஓடட்டும். டிராலி ஜாக்கின் மேல் அகலமான மரக்கட்டை வைத்து, முதலில் கியர்பாக்ஸ் மவுண்ட் பக்கம், பிறகு இன்ஜின் மவுண்ட் பக்கம், சில மில்லிமீட்டர் மட்டும் எடையைத் தாங்குங்கள். ஆயில் சம்ப்பின் தகட்டின் நடுவில் வைத்தால் நசுங்கிவிடும், ஓரத்தில் அல்லது கனமான வார்ப்புப் பகுதியில் வையுங்கள். வண்டிக்கு அடியில் யாரும் படுக்கக் கூடாது. எந்தப் பக்கம் தாங்கும்போது டாஷ்போர்டு நடுக்கம் அடங்குகிறதோ அந்த மவுண்ட்தான்.

சரிசெய்யும் முறை: இன்ஜினை அணைத்து, ஜாக்கைத் தொட்டும் தொடாமலும் வைத்து, பக்க மவுண்ட்களின் போல்ட்களையும் கீழே உள்ள டார்க் ராடின் (இன்ஜின் முன்பின்னாகச் சாயாமல் பிடிக்கும் கம்பி) போல்ட்டையும் ஓரிரு சுற்று மட்டும் தளர்த்துங்கள். கழற்ற வேண்டாம். ஜாக்கை இறக்கி, முழு எடையும் மவுண்ட்களில் இறங்கிய பிறகு, இன்ஜினைக் கையால் முன்னும் பின்னும் சில தடவை ஆட்டி அதன் போக்கில் உட்காரவிடுங்கள். பிறகு இன்ஜின் பக்கம், கியர்பாக்ஸ் பக்கம், கடைசியாக டார்க் ராட் என்று முடுக்குங்கள். வண்டியின் சர்வீஸ் மேனுவலில் வேறு வரிசை இருந்தால் அதுதான் சரி, டார்க் அளவும் அதிலிருந்தே எடுக்க வேண்டும். டார்க் ராடை முதலில் இறுக்கிவிட்டால் இன்ஜின் சாய்ந்தபடியே நின்றுவிடும், செய்த வேலை வீண்.

இதற்குப் பிறகும் நடுங்கினால் பாகமே தவறாக இருக்கலாம். பழைய மவுண்ட்களைக் கேட்டு வாங்கிப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பழையது தொய்ந்திருக்கும் என்பதால் புதியது சில மில்லிமீட்டர் உயரமாக இருப்பது இயல்பு. ஆனால் ரப்பரில் உள்ள துளைகளின் வடிவம் வேறாக இருந்தாலோ, திரவம் அடைத்த மவுண்ட் இருந்த இடத்தில் கெட்டி ரப்பர் வந்திருந்தாலோ, அதே காரின் டீசல் வகைக்கானதைப் போட்டிருந்தாலோ நடுக்கம் போகவே போகாது. “புது ரப்பர், ஓட ஓடப் பழகிவிடும்” என்பார்கள். இலேசான விறைப்பு குறையும். டாஷ்போர்டு ஆடும் அளவுக்கு இருப்பது பழக்கத்தால் சரியாகாது.

ஐடிலிங் நடுக்கத்துக்கு இன்னும் சில சில்லறைக் காரணங்கள் உண்டு. கியர்பாக்ஸை இறக்க பேட்டரியையும் அதன் தட்டையும் கழற்றுவது வழக்கம். மின்சாரம் போனதும் இசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) தான் கற்றுவைத்திருந்த ஐடிலிங் கணக்கை மறந்துவிடும். 800-ல் நிற்க வேண்டியது 650-ல் நின்றால் எந்த நல்ல மவுண்ட்டாலும் அதைத் தாங்க முடியாது. இசியூ தரும் அளவுகளைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனரில் ஆர்பிஎம்மைப் பாருங்கள். ஏசி போட்டதும் அது விழாமல் நிற்க வேண்டும், பல வண்டிகளில் சற்று ஏறவும் வேண்டும். குறைவாக இருந்தால் திராட்டில் பாடியின் கரியைச் சுத்தம் செய்து, இன்ஜின் சூடாகி ரேடியேட்டர் ஃபேன் ஓடும்வரை விட்டு, விளக்கு, ஏசி எதுவும் இல்லாமல் பத்து நிமிடமும், பிறகு ஏசியோடு சில நிமிடமும் ஐடிலிங்கில் ஓடவிடுங்கள். உங்கள் மாடலுக்கென்று தனி முறை மேனுவலில் இருந்தால் அதைப் பின்பற்றுங்கள்.

அதே ஸ்கேனரில் எரிபொருள் திருத்தம் (ஃப்யூயல் டிரிம்) ஐடிலிங்கில் பத்து சதவீதத்துக்கு மேல் கூட்டலில் நின்றால் எங்கோ ஒரு வேக்குவம் ஹோஸை மாட்ட மறந்திருக்கலாம். கியர்பாக்ஸுக்கும் பாடிக்கும் நடுவே போகும் எர்த் வயரையும் பாருங்கள், மறப்பதற்கு மிக வசதியான இடம் அது. ஸ்டார்ட்டர் சுற்றும்போது பேட்டரி மைனஸுக்கும் இன்ஜின் உலோகத்துக்கும் நடுவே மல்ட்டிமீட்டர் 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த்தைச் சுத்தம் செய்து முடுக்க வேண்டும். நடுக்கம் ஒரே சீராக இல்லாமல் இடையிடையே உதைத்தால் அது மவுண்ட் இல்லை, ஏதோ ஒரு சிலிண்டர் தவறுகிறது. பிளக்கையும் காயில் கனெக்டரையும் பாருங்கள். எக்ஸாஸ்ட் குழாயை இறக்கியிருந்தால் அது கிராஸ் மெம்பரிலோ ஹீட் ஷீல்டிலோ தொடுகிறதா என்று கையை விட்டுப் பாருங்கள், இன்ஜின் குளிர்ந்த பிறகு. ஒரு விரல் இடைவெளி எங்கும் வேண்டும்.

இப்போது இடவலமான உதறல். என் சந்தேகம் முழுக்க இடது ஆக்ஸிலின் இன்னர் ஜாயின்ட் மேல்தான்.

அந்த ஜாயின்ட்டுக்குள் மூன்று கை கொண்ட டிரைபாட், ஒவ்வொரு கையிலும் ஒரு ரோலர். வெளியே கப், அதில் மூன்று தடங்கள். சஸ்பென்ஷன் ஏறி இறங்கும்போது ரோலர்கள் தடத்தில் உள்ளேயும் வெளியேயும் ஓடி ஆக்ஸிலின் நீளத்தைச் சரிக்கட்டும். தடம் தேய்ந்திருந்தாலோ கிரீஸ் போதாவிட்டாலோ, இழுவிசை ஏறும்போது ரோலர் உருளாமல் வழுக்கி உராயும். ஒவ்வொரு உராய்வும் ஆக்ஸிலின் நீளவாக்கில் ஒரு தள்ளல். கை மூன்று என்பதால் சுற்றுக்கு மூன்று தள்ளல். அது இன்ஜினை இடவலமாக ஆட்டுகிறது, மவுண்ட் வழியாக வண்டியும் ஆடுகிறது. காலை எடுத்தால் இழுவிசை போய்விடும், தள்ளலும் போய்விடும். மேட்டில் அழுத்தும்போது மூக்கு தூக்குவதால் ஜாயின்ட்டின் கோணம் கூடுகிறது, உதறலும் கூடுகிறது. பின்சீட்டில் மூன்று பேரை ஏற்றிப் பாருங்கள், பெரும்பாலும் இன்னும் மோசமாகும். மவுண்ட் தவறாக உட்கார்ந்து இன்ஜின் உயர்ந்து நின்றாலும் இதே கோணம் கூடும், மவுண்டை முதலில் சரிசெய்யச் சொன்னதற்கு இது இன்னொரு காரணம்.

பூட் மாற்றியதும் ஏன் வந்தது? காரணம் பல இருக்கலாம். ஆக்ஸிலை கியர்பாக்ஸிலிருந்து எடுக்க, கப்பை நெம்பாமல் தண்டைப் பிடித்து இழுத்திருப்பார்கள். அப்போது டிரைபாட் கப்பை விட்டு வெளியே வந்து ஊசி ரோலர்கள் சிதறும், ஒன்றிரண்டு திரும்ப உள்ளே போகாது. ஒரு பக்கம் கழற்றிய ஆக்ஸிலைக் கட்டாமல் தொங்கவிட்டாலும் இதே கதிதான். அல்லது கழற்றும் முன் கப், டிரைபாட், தண்டு மூன்றிலும் அடையாளப் புள்ளி வைக்காமல், முன்பு ஒரு தடத்தில் ஓடித் தேய்ந்த ரோலரை வேறு தடத்தில் ஏற்றியிருப்பார்கள். பழைய தேய்மானம் ஒன்றோடொன்று பொருந்தியிருந்தவரை தெரியாமலிருந்த குறை, இடம் மாறியதும் தெரிந்துவிடும். டிரைபாட்டைப் பின்முன்னாக மாட்டுவதும் உண்டு.

கிரீஸ் இன்னொரு பிரச்சினை. கிட்டில் வரும் பாக்கெட் அந்த ஜாயின்ட்டுக்கு அளந்து கொடுத்தது, முழுவதும் உள்ளே போக வேண்டும். பல வண்டிகளில் உள் ஜாயின்ட்டின் கிரீஸும் வெளி ஜாயின்ட்டின் கறுப்பு மாலிப்டினம் கிரீஸும் வேறு வேறு. டப்பாவிலிருந்து வீல் பேரிங் கிரீஸை எடுத்து அப்பினால் கொஞ்ச நாளில் இதுதான் நடக்கும். கடைசியாக, பூட் கிழிந்தே பல மாதம் ஓடியிருந்தால் மண்ணும் தண்ணீரும் ஜாயின்ட்டை ஏற்கெனவே அரித்திருக்கும். அதன்மேல் புது பூட் போடுவது மண்ணை உள்ளே வைத்து மூடுவதுதான்.

பிரிப்பதற்கு முன், வண்டியை ஸ்டாண்டில் ஏற்றித் தண்டை இன்னர் ஜாயின்ட் பக்கம் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். உள்ளே வெளியே நகர்வது அதன் இயல்பு, அதைக் குறை என்று நினைக்காதீர்கள். மேல் கீழாகக் கடகடவென்று ஆடினால்தான் குறை. பிரித்ததும் கப்பின் தடங்களைத் துடைத்து நகத்தால் வருடுங்கள். நகம் மாட்டும் பள்ளம் இருந்தால் கப், டிரைபாட் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும், தேய்ந்த தடத்தில் புது ரோலர் நிலைக்காது. விலை குறைவு என்று முழு ஆக்ஸிலையும் ‘ரீகண்டிஷன்’ செய்ததாக வாங்குவதை நான் விரும்புவதில்லை. பெரும்பாலும் பழைய கப்பையே மெருகேற்றி, புது பூட்டில் மறைத்துத் தருகிறார்கள். நல்ல பிராண்டின் இன்னர் ஜாயின்ட் கிட் மேல்.

பூட்டி முடிக்கும்போது கப்பைப் பிடித்து இலேசாக இழுத்து, சர்க்ளிப் (பூட்டு வளையம்) கியர்பாக்ஸுக்குள் ‘டக்’கென்று அமர்ந்துவிட்டதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பூட்டுக்குள் சிக்கிய காற்றை ஒரு மழுங்கிய ஸ்க்ரூடிரைவரால் விடுவித்துவிட்டுக் கிளாம்ப் போட வேண்டும். ஹப் நட் புதிதாக இருக்க வேண்டும், மேனுவல் அளவுக்கு முடுக்கிய பிறகே வண்டியைத் தரையில் இறக்க வேண்டும். தளர்ந்த ஹப் நட்டில் எடை ஏறினால் வீல் பேரிங் கெடும், அப்புறம் மூன்றாவதாக ஒரு சத்தம் வரும்.

அடியில் இருக்கும்போதே லோயர் ஆர்ம் போல்ட்களையும் பார்த்துவிடுங்கள். வீல் தொங்கும் நிலையில் முடுக்கியிருந்தால், வண்டி தரையில் இறங்கியதும் புஷ் நிரந்தரமாக முறுக்கிக்கொண்டு நிற்கும், சீக்கிரம் கிழியும். தளர்த்தி, வண்டியின் எடை வீலில் இருக்கும்போது முடுக்க வேண்டும். அதன்பின் அலைன்மென்ட் ஒரு தடவை. உங்கள் உதறலுக்கு இது காரணமில்லை, ஆனால் புது புஷ் வீணாகும்.

பட்டறையில் “வைப்ரேஷன் இருக்கு” என்று மட்டும் சொல்லாதீர்கள். “மூன்றாம் கியர், 60, மேடு, அழுத்தினால் வருகிறது, விட்டால் நிற்கிறது” என்று சொல்லி, மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்காரவைத்து அதே மேட்டில் ஓட்டிக்காட்டுங்கள். மவுண்ட் வேலை முடிந்ததும் ஒரு தடவை, இன்னர் ஜாயின்ட் முடிந்ததும் ஒரு தடவை, அதே மேடு, அதே கியர், அதே ஆட்களுடன் ஓட்டிப் பாருங்கள். இரண்டையும் ஒரே நாளில் முடித்துவிட்டால் எது சரிசெய்தது என்று தெரியாது. இடது ஜாயின்ட் சுத்தமாக இருந்து, 27-ல் உச்சம் மட்டும் போகவில்லை என்றால் வலது ஆக்ஸிலின் இன்னர் ஜாயின்ட்டையும் அதே முறையில் பார்க்க வேண்டும்.

அதுவரை ஓட்டலாமா என்றால், மெதுவாக, அழுத்தாமல், பக்கத்து வேலைகளுக்கு மட்டும் ஓட்டலாம். ஆனால் ஆக்ஸிலரேட்டரை மிதித்து விடும்போது ‘டொக்’ என்று அடித்தாலோ, வீலின் உள்பக்கத்தில் அல்லது கியர்பாக்ஸ் ஓரத்தில் கிரீஸ் தெறித்திருந்தாலோ, ஆக்ஸில் சீல் வழியாக கியர் ஆயில் சொட்டினாலோ, உதறல் நாளுக்கு நாள் வளர்ந்தாலோ வண்டியை நிறுத்திவிட்டு, கட்டி இழுத்துக்கொண்டு போகாமல் லாரியில் ஏற்றி அனுப்புங்கள்.